உங்கள் கிணற்றின் சிவப்பு

மச்சான்,

நேற்று மதியம் சாந்தாமணி பீட்ரூட் வேகவைத்து, தண்ணீரை ஒரு எவர்சில்வர் போசியில் வடித்து வைத்திருந்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வந்த வெயில் நேராக அந்தப் போசிக்குள் விழுந்துகொண்டிருந்தது. மோர் எடுக்கப் போன நான் அப்படியே நின்றுவிட்டேன். அவளும் திரும்பிப் பார்த்தாள். போசியை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தொட்டி பழையபடி வெள்ளையான பிறகும் கழுவிக்கொண்டே இருந்தாள். "டாக்டர் ரத்தம் கம்மின்னுட்டாருங்க, இல்லாட்டி நான் இத வாங்குவனா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். உங்கள் தங்கை இத்தனை வருடமாக எங்கள் வீட்டில் பீட்ரூட்டே சமைத்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவள் அண்ணனை நினைத்து அழுதாள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்தச் சிவப்பில் நீலம் கூடுதல், உங்கள் கிணற்றுச் சிவப்பில் இவ்வளவு நீலம் கிடையாது என்று நினைத்தேன். நீங்கள் போய் இன்னும் ஆறு மாதம்கூட ஆகவில்லை. அழ வேண்டிய நேரத்தில் நான் நிறம் ஒப்பிட்டுக்கொண்டு நிற்கிறேன். இந்தக் கேட்டைப் பழக்கிவிட்டது நீங்கள்தான். அதனால் உங்களிடமே சொல்லித் தீர்த்துவிடலாம் என்று இதை எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. நான் வேலையை விட்டுவிட்டு, கோயம்புத்தூரில் காந்திபுரத்துக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டின் முன்னறையில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பு, கடைக்கு விசிட்டிங் கார்டு எல்லாம் வடிவமைத்துக் கொடுப்பேன். அந்தக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேனரும் ஒரு கலர் பிரிண்டரும். உறவில் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், கன்று போட்ட மாட்டைப் பார்க்க வருவது போல. நீங்கள் மட்டும் வாசலில் நின்று, "மாப்ள ஊட்டுக்குள்ளயே பிரஸ் வெச்சுப்போட்டாரு, இனி நோட்டு அடிக்கறதுதான் பாக்கி" என்று சாந்தாமணியிடம் சொல்லிச் சிரித்தீர்கள். பிரிண்டர் தாளை இழுக்கும் சத்தம் கேட்டு இரண்டடி பின்னால் போனதும் நீங்கள்தான்.

அடுத்த தடவை வந்தபோது சிரிப்பில்லை. மஞ்சள் பைக்குள் இருந்து, துண்டில் சுற்றிய ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் மேசைமேல் வைத்தீர்கள். பாட்டில் முழுக்கச் சிவப்புத் தண்ணீர். பஸ்ஸில் கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு எந்த வைத்தியர் கொடுத்த அரிஷ்டம் என்று கேட்டாராம். "எங்க கெணத்து வைத்தியர் குடுத்ததுங்கன்னு சொன்னேன்" என்றீர்கள். அதைச் சொல்லும்போதும் முகத்தில் எந்த வேடிக்கையும் இல்லை.

விஷயம் எனக்கு முன்பே அரைகுறையாகத் தெரியும். காங்கேயத்துக்கு வடக்கே, நொய்யல் கரையிலிருந்து ஒரு மானாவாரிக் காடு தள்ளி உங்கள் தோட்டம். மேலே திருப்பூர்ப் பக்கமிருந்து சாயத் தண்ணீர் ஆற்றில் இறங்க ஆரம்பித்த பிறகு, ஆறு நிறம் மாறியது. அப்புறம் ஆற்றுக்குப் பக்கத்துக் கிணறுகள் மாறின. உங்கள் கிணற்றில் ஒரு கோளாறு என்னவென்றால், நிறம் எல்லா நாளும் வராது. சில நாள் விடியலில் ரத்தம் கரைத்த மாதிரி இருக்கும். மோட்டார் ஓடி, ஊற்று மாறி, இரண்டு மூன்று நாளில் சாதாரணக் கலங்கல் போலத் தெளிந்துவிடும். மறுபடி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் தெளிந்த தண்ணீரையும் மாடு மோந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. உங்கள் வீட்டுக்காரம்மா, நான் அக்கா என்று கூப்பிடுபவர், குடிதண்ணீருக்குப் பக்கத்து ஊருக்குக் குடம் தூக்கிப் போய்க்கொண்டிருந்தார்.

நீங்கள் மனு கொடுத்திருந்தீர்கள். அதிகாரிகள் வந்தார்கள். வந்தது தெளிந்திருந்த நாளில். வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்க முடியுமா? கொடுக்கவும் முடியாது. அதனால் நீங்கள் உங்கள் மரத்து இளநீரை வெட்டிக் கொடுத்தீர்கள். குடித்துவிட்டு, இளநீர் இவ்வளவு இனிப்பாக இருக்கிறதே, இந்தத் தண்ணீருக்கு என்ன குறை என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நிறம் மாறுகிறது என்பதற்கு ஏதாவது ஆதாரம் இருந்தால் கொண்டுவாருங்கள், சிவப்பாக இருக்கும் நாளில் ஆளனுப்பித் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறோம் என்று போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்களாம். உங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு பரிசோதனைதான். அது நடந்துவிட்டால் மரமும் மாடும் பிழைக்கும் என்று நம்பினீர்கள். நானும் நம்பினேன்.

பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டினால் நாமே சாயம் கரைத்தோம் என்பார்கள், படம்தான் வேண்டும் என்று என் கேமராவை எடுத்துக்கொண்டு போனீர்கள். சிவப்பாக இருந்த ஒரு காலையில் கிணற்றுப் படிக்கட்டில் இறங்கி, தண்ணீரும் ஓரத்துப் படிக்கல்லும் மட்டுமே தெரிகிற மாதிரி ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்துத் தள்ளியிருந்தீர்கள். ஊருக்குள் இருந்த கலர் லேபில் கொடுத்துக் கழுவி வாங்கினேன். உறையைப் பிரித்து நீங்கள் பார்த்ததும், படங்களை ஒவ்வொன்றாக மேசைமேல் பரப்பியதும், கடைசியில் என் முகத்தைப் பார்த்ததும் இன்னும் கண்ணில் நிற்கிறது. தண்ணீர் மழைக்காலத்துக் குட்டை போல வெறும் பழுப்பாக இருந்தது. படிக்கட்டுக் கல்லெல்லாம் பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது.

"இது எங்க கெணறில்லீங்க மாப்ள" என்றீர்கள்.

நான் லேபுக்குச் சண்டைக்குப் போனேன். அங்கே இருந்த ஆபரேட்டர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொன்னார். படம் முழுக்க ஒரே சிவப்பாக இருந்தால் அது ஏதோ பிசகு என்று மெஷின் நினைத்துக்கொள்ளுமாம். சிவப்பைக் குறைத்து, எதிர் நிறத்தைக் கூட்டி, படத்தை நேராக்கிக் கொடுத்துவிடுமாம். கல்யாண வீட்டுப் படமெல்லாம் நன்றாக வருவது அதனால்தானாம். அவரே கையால் மாற்றிப் போட்டுப் பார்த்தார், ஆனால் அசல் எப்படி இருந்தது என்று தெரியாமல் எவ்வளவு மாற்றுவது? ஒரு தடவை ஆரஞ்சு வந்தது, ஒரு தடவை ரோஸ் வந்தது. பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நான் திரும்பி வந்து உங்களிடம் இதை விளக்கினேன். நீங்கள் பழுப்புப் படம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள்.

"அப்படீன்னா தண்ணி இப்படி இருக்கப்படாதுன்னு மெஷினுக்குத் தெரியுதுங்க. மனுசனுக்குத்தான் தெரியமாட்டீங்குது."

வீட்டிலேயே போட்டுவிடலாம் என்று நான் சொன்னது அன்றைக்குத்தான். ஜம்பமாகத்தான் சொன்னேன். கலர் பிரிண்டர் வைத்திருப்பவனுக்கு அந்த அளவு ஜம்பம்கூட இல்லாவிட்டால் எப்படி?

என் யோசனை எளிமையானது. படத்துக்குள் சந்தேகமில்லாத வெள்ளை ஒன்று இருக்க வேண்டும். மெஷின் தண்ணீரின் நிறத்தை மாற்றினால் அந்த வெள்ளையின் நிறமும் சேர்ந்து மாறும். கம்ப்யூட்டரில் வைத்து அந்த வெள்ளையை மறுபடி வெள்ளையாக்கினால், தண்ணீரும் தன் நிறத்துக்குத் திரும்பியாக வேண்டும். வெள்ளைக்கு உங்கள் தோள் துண்டு போதும் என்றீர்கள். அந்தத் துண்டு வெள்ளையாக இருந்து ஒரு மாமாங்கம் ஆகியிருக்கும். துவைத்ததும் அந்தத் தண்ணீரில்தான். கடைசியில் அக்காவின் பீங்கான் தட்டைக் கேட்டீர்கள். விசேஷத்துக்கு மட்டும் வெளியே வரும் தட்டு. அந்தத் தண்ணீர்கிட்ட என் தட்டைக் கொண்டுபோகக் கூடாது என்று அக்கா ஒரேயடியாக நின்றாராம். பிறகு அவரே எடுத்துவந்து திட்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாராம். படம் எடுத்து முடித்த பிறகு அந்தத் தட்டை அவர் வீட்டுக்குள் சேர்க்கவில்லை. அது கட்டுத்தறியில் கோழிக்குத் தீனி வைக்கும் தட்டாகப் போனது.

அப்புறம் ஆரம்பித்தது நம் பாடு. லேபில் வந்த படத்தை ஸ்கேன் செய்து, தட்டை வெள்ளையாக்கினேன். திரையில் தண்ணீர் சிவந்தது. நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். இதேதான் என்றீர்கள். பிரிண்டரில் கொடுத்தால் செங்கல் பொடி மாதிரி ஒரு நிறம் வந்தது. திரையில் தெரிவது வெளிச்சம், தாளில் விழுவது மை, இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும், கைக்குத் தெரியாது. மஞ்சளைக் குறைத்தேன், ரோஸ் ஆனது. நீலத்தை ஒரு துளி சேர்த்தேன், கத்தரிக்காய் ஆனது. சாதாரணத் தாளில் மை ஊறி மங்கியது. பளபளப்பான போட்டோத் தாள் வாங்கினோம், அதில் எல்லாம் மறுபடி மாறியது. டியூப்லைட் வெளிச்சத்தில் பாட்டிலும் படமும் ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கும். சந்தோஷப்பட்டு வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பிடித்தால் இரண்டும் வேறு வேறு ஆளாக நிற்கும்.

கடைசியில் ஒரு முறைக்கு வந்தோம். காலையில் வெயில் நேரடியாக விழாத வாசல் நிழல். முதல் நாள் மதியம் போட்டு நன்றாகக் காய்ந்த படம். பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டிய சுவர். அதன் முன்னால் பாட்டில். பாட்டிலில் இருப்பதும் நிலையாக இருக்கவில்லை, வைத்த சில நாளில் அடியில் வண்டல் தங்கி நிறம் வெளுத்தது. அதனால் கிணறு சிவக்கும் போதெல்லாம் நீங்கள் புதிதாக ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். கிணறு சிவந்தால் வயிறு எரிய வேண்டியவர், படம் ஒப்பிட நாள் கிடைத்ததே என்று விடியலில் கிளம்பி வந்தீர்கள். என் வீட்டு வாசலில் அந்தப் பாட்டிலோடு குந்தவைத்து, ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை மூடி நீங்கள் பார்ப்பதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சாந்தாமணிக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கு இல்லை.

அந்த நாட்களில் நமக்குள் ஒரே ஒரு தடவைதான் பேச்சு முட்டியது. அதிகாரி பார்க்கும்போது கண்ணில் அடிக்க வேண்டும், கொஞ்சம் தூக்கிக் காட்டலாமா என்று நான் கேட்டேன். எல்லோரும் செய்வதுதான், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை படத்துக்குச் செய்யாததா என்றேன். நீங்கள் பாட்டிலைக் கீழே வைத்தீர்கள்.

"அவிக தண்ணிக்குச் சாயம் போட்டாங்க. நாம படத்துக்குச் சாயம் போட வேண்டாமுங்க மாப்ள. எச்சாவும் வேண்டாம், கம்மியாவும் வேண்டாம். இருக்கறது இருக்கற மாதிரி வரோணும்."

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. அதே பேச்சு பின்னால் என்ன செய்யும் என்று தெரிந்திருந்தால் அவ்வளவு பிடித்திருக்காது.

ஒருநாள் காலை சரியாக வந்தது. பாட்டிலைப் படத்தில் இருக்கும் தண்ணீருக்கு முன்னால் பிடித்தபோது ஓரம் எது என்று கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருந்தது. நீங்கள் படத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு உள்ளே போய் சாந்தாமணியிடம் காட்டினீர்கள். அவள் பிறந்த வீட்டுக் கிணறு. அவள் நீச்சல் பழகியது அதில்தான். அவள் பார்த்தாள், பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நல்ல காரியம் ஒன்று நடந்த மாதிரி நாம் இருவர் மட்டும் வாசலில் நின்று கொண்டாடிக்கொண்டிருந்தோம்.

ஒரு குறை இருந்தது. படிக்கட்டுக்கு அடியில் நிழல் விழும் இடம். அங்கே தண்ணீர் நிஜத்தில் அடர்ந்த சிவப்பு. படத்தில் அந்த இடம் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்தது. இந்த மையில் இதற்கு மேல் வராது, இது யார் கண்ணுக்கும் தெரியாது என்று உங்களிடம் நான்தான் சொன்னேன். நீங்கள் அந்த மூலையைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தீர்கள். சரீங்க என்றீர்கள்.

மனு கொடுத்த அலுவலகத்துக்கு இரண்டு பேரும் போனோம். நீங்கள் கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வெளுத்த வேட்டி, சட்டை. படங்கள் அட்டைக்குள். அதிகாரி கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், நீங்கள் உட்காரவில்லை. படங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்தச் சிவப்பு அவரையும் ஒரு நிமிடம் பிடித்து நிறுத்தியது, நான் பார்த்தேன். பிறகு படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். லேபின் முத்திரை எதுவும் இல்லை. ஸ்டுடியோவில் போட்டதா என்று கேட்டார். வீட்டில் போட்டது என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் எந்த நிறம் வேண்டுமானாலும் வரவைக்கலாமே என்றார். நான் பீங்கான் தட்டைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன். லேபில் போட்ட பழுப்புப் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். நீங்கள் யார் என்றார். மனுதாரரின் தங்கை வீட்டுக்காரன் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு, உங்கள் பக்கம் திரும்பினார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. உங்க கிணத்துத் தண்ணி அச்சு அசலா இதே நிறம்தானா?"

நீங்கள் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துப் பிடித்தீர்கள்.

"ஏதோ எங்களுக்குத் தெரிஞ்ச மட்டுக்குங்க. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்குமுங்க."

அவர் உங்கள் மனுவின் ஓரத்தில் எதையோ எழுதினார். பார்க்கிறோம் என்றார். நாம் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தோம்.

நம் பக்கத்து ஆட்களைத் தவிர வேறு யாராவது அந்த இடத்தில் அப்படிச் சொல்லியிருப்பார்களா என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். தோப்பும் துரவும் வைத்திருப்பவர் ஏதோ ரெண்டு தென்னை இருக்குதுங்க என்பார். பந்தி நிறைய விருந்து போட்டுவிட்டு, ஏதோ கையை நனைச்சுட்டுப் போங்க என்பார். பெரிய மனுசன் முன்னால் நின்று எனக்கு நிச்சயமாகத் தெரியும் என்று சொல்வது நமக்கு நாக்கில் வராது. அது திமிர். கேட்பவரும் நம் பக்கத்து ஆளாக இருந்தால், முன்னப்பின்ன இருக்கும் என்றால் அதேதான் என்று எடுத்துக்கொள்வார். அந்த அதிகாரி நம் பக்கத்து ஆள் இல்லை. நீங்கள் சொன்னதை அவர் சொன்னபடியே எடுத்துக்கொண்டார். அடுத்த மாதம் விசாரிக்கப் போனபோது, படம் துல்லியமில்லை என்று மனுதாரரே ஒத்துக்கொண்டார் என்று அங்கிருந்த குமாஸ்தா நம்மிடம் சொன்னார். பரிசோதனைக்கு ஆள் வரவில்லை.

அன்றைக்குக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், நான் உங்களிடம் சத்தம் போட்டேன். மாதக்கணக்காக வாசலில் உட்கார்ந்து ஒப்பிட்டோமே, அந்த ஒரு கேள்விக்கு ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயிலிருந்து முத்தா கொட்டிவிடும் என்று கேட்டேன். மரியாதைக்கும் ஒரு அளவு இல்லையா என்று கேட்டேன். நீங்கள் உங்கள் பஸ் வருகிறதா என்று பார்ப்பது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"மரியாதைக்குச் சொல்லலீங்க. அந்தப் படிக்கு அடியில ஒரு துளி ஊதா நிக்குதுங்களே மாப்ள. நீங்கதான சொன்னீங்க. அச்சு அசலான்னு கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டீர்கள்.

மச்சான், உண்மையாகவே அந்த ஊதாதான் காரணமா? அல்லது வழக்கத்தில் வாய் தவறிவிட்டு, எனக்குச் சொல்வதற்காக அந்த ஊதாவைப் பிடித்துக்கொண்டீர்களா? இதை உங்களிடம் நேரில் கேட்க எனக்கு இருபத்தைந்து வருடம் கிடைத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்க நினைத்து, வேறு பேச்சு பேசிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். மரங்கள் ஒன்றுபோல மட்டை சரிந்தன. குரும்பை பிஞ்சிலேயே கொட்டியது. மாட்டை விற்றீர்கள். கயிற்றை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு நீங்கள் வீட்டுக்குள் போகாமல் காட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்ததை அக்கா போனில் சொல்லி அழுதார். உங்கள் மகன் பிரபு அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒருநாள் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். கையில் பாட்டில் இல்லை. சாப்பிட உட்கார்ந்து, இரண்டாவது தடவை சோறு வாங்கும்போதுதான் சொன்னீர்கள், திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக.

சாந்தாமணி கரண்டியைப் போட்டுவிட்டாள். நான் இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நீங்கள் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனீர்கள். சுமை தூக்கத்தான் எடுத்தார்களாம். ஒருநாள் வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துணியையும் இவர்கள் சாயமேற்றிய துணியையும் பக்கத்தில் வைத்து, சரியாக இருக்கிறதா என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது, போகிற போக்கில் நீங்கள் மஞ்சள் ஒரு துளி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டீர்கள். துணியை வெளியே பகலில் கொண்டுபோய்ப் பார்த்தால் நீங்கள் சொன்னது சரியாகத்தான் இருந்ததாம். மறுநாளே உங்களை நிறம் ஒப்பிடும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

"கண்ணு நல்லாப் பழகியிருக்குதுன்னு மேனேஜர் சொல்றாருங்க. எங்க பழகுச்சுன்னு நான் சொல்லிக்கல."

இன்னொன்றும் சொன்னீர்கள்.

"இப்ப எந்தக் கலர் எப்ப வெளிய போகுதுன்னு முன்னாலயே தெரிஞ்சுபோகுதுங்க. நம்மூருக்கு வந்து சேர எவ்வளவு நேரம்னு கணக்குப் போட்டுக்கலாம்."

சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. உங்கள் மேல் கோபம் வந்தது. அதைவிட என்மேல் வந்தது, என் பிரிண்டர்மேல் வந்தது, அந்த வாசல் நிழல்மேல் வந்தது. கிணற்றைக் காப்பாற்றவென்று நாம் சேர்ந்து பழக்கிய கண் அது. அது போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். ஆனால் பிரபு படித்தது அந்தச் சம்பளத்தில்தான். அக்காவின் கண் ஆபரேஷன் நடந்தது அந்தச் சம்பளத்தில்தான். நான் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வேன்? மோரை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

கடைசிவரை அந்த வேலையில்தான் இருந்தீர்கள். பட்டறைக்காரர்களும் பின்னால் மாறினார்கள், தண்ணீரைச் சுத்தம் செய்து விடுகிறோம் என்றார்கள், விதிகள் வந்தன, ஆட்கள் வந்தார்கள், மெஷின் வைத்து அளந்தார்கள். உங்கள் தோட்டத்துக்கு அதெல்லாம் வந்துசேரும்போது அங்கே அளப்பதற்கு ஒன்றுமில்லை. மாசியில் ஒரு காலை, வேலைக்குக் கிளம்பச் செருப்பு மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நாங்கள் வந்து சேரும்போது உங்களைக் குளிப்பாட்டியிருந்தார்கள். லாரித் தண்ணீரில்.

மூன்றாம் நாள் பிரபு என்னிடம் வந்தான். இப்போது அவன் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறான். மாலை போட்டு மாட்டுவதற்கு அப்பா படம் ஒன்று பெரிதாக வேண்டும் என்றான். சொந்தக்காரர் கல்யாணத்தில் யாரோ எடுத்த ஒன்றைப் போனில் காட்டினான். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்திருக்கிறீர்கள். முகம் தெளிவாக இருக்கிறது. பத்து விரலிலும் நகத்தைச் சுற்றி நீலம் ஏறியிருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் போகாத நீலம்.

அவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான். நகத்தில் இருக்கும் அந்தக் கறையை மட்டும் எடுத்துவிட முடியுமா, முகத்தையும் ஒரு சுற்று வெளுப்பாக்கிவிடலாமா என்று. வருகிறவர்கள் எல்லோரும் பார்ப்பார்கள் என்றான். தப்பாக எதுவும் கேட்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவனை என்னவெல்லாம் கேட்டார்களோ. இந்தக் காலத்தில் அது ஒரு நிமிட வேலை. சரி கண்ணு என்று சொல்லி அனுப்பினேன்.

ராத்திரியாவது தூங்குவோம் என்று அன்றே செய்து முடிக்க உட்கார்ந்தேன். கை போகவில்லை. முகத்தைத் தொடாமல், நகத்தைத் தொடாமல் அப்படியே அச்சிட்டேன். இப்போது என்னிடம் இருக்கும் பிரிண்டரில் எட்டு மை. நிழலில் ஊதா நிற்பதில்லை. காய வைத்து, மறுநாள் காலை வாசலுக்குக் கொண்டுபோய் நிழலில் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரபு வாங்கிப் போக வந்தவன், என் பின்னால் நின்று பார்த்தான்.

"மாமா, அப்பா நகம் இவ்வளவு நீலமாங்க இருந்துச்சு?"

"இதேதான் கண்ணு. அச்சு அசலா இதேதான்" என்றேன்.

என் வாயிலிருந்து அவ்வளவு உறுதியாக எதுவும் வந்ததில்லை. படத்தை வாங்கி, உறையில் போட்டு, ரொம்ப நல்லா இருக்குதுங்க மாமா என்று சொல்லிவிட்டுப் போனான். கருமாதியன்று சுவரில் மாலைக்கு நடுவே இருந்தது வேறு படம். எங்கோ ஸ்டுடியோவில் கொடுத்துப் போட்டது. முகம் சந்தனம் பூசின மாதிரி. கையே தெரியாமல் மார்போடு வெட்டியிருந்தார்கள். பந்தி முடிந்து கிளம்பும்போது அக்கா உள்ளேயிருந்து என் உறையை எடுத்துவந்து, பிரிக்காமலேயே என் கையில் கொடுத்தார். நீங்களே வெச்சுக்கோங்க தம்பி என்றார்.

வைத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் மேசைக்கு மேலே, எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில். சாந்தாமணி அந்த அறையைப் பெருக்க வரும்போது அதைப் பார்ப்பதில்லை. நான் தினமும் பார்க்கிறேன். ஒருநாள் அந்த நீலம் கொஞ்சம் கூடிவிட்டதாகத் தோன்றுகிறது. மறுநாள் குறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது. பிள்ளையிடம் அடித்துச் சொல்லிவிட்டேன், இப்போது எனக்கே நிச்சயமில்லை. பக்கத்தில் வைத்துப் பார்க்க நீங்கள் இல்லை, மச்சான்.